வறுத்த பயறு முளைத்த கதை

காஞ்சி மேற்குச் சாலை – வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 14

திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயார் சந்நிதிக்குப் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் பயறு கொண்டுவருவார்கள். அதை மடைப்பள்ளியில் வறுத்து, நனைத்துக் கொடுப்பார்கள். மடியில் கட்டிக்கொண்டு இரவு படுக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போது முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. பச்சைப் பயறு முளைத்தால் யாருக்கு ஆச்சரியம்? இங்கே வறுத்த பயறு முளைக்க வேண்டும்.

இந்த வாரம் சொல்லப்போவது அப்படி வறுபட்ட ஒரு பட்டத்தின் கதை. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுப் பட்டம் அது. க்ரோமார்ட்டி ஏர்ல் என்பது பெயர். 1746-இல் லண்டனில் அதை வறுத்தார்கள். 1861-இல் முளைத்தது. நடுவில் 115 ஆண்டுகள். அந்த நடுக்காலத்தில்தான் பட்டமில்லாத அந்தப் பட்டக்காரர் நம் காஞ்சிபுரத்துக்கு வந்து, நம் குளக்கரையில் பாளையம் இறங்கி, தன் ஆட்களில் ஒரு பகுதியைப் புள்ளலூர் வயலில் பறிகொடுத்துவிட்டுப் போனார்.

சென்ற அத்தியாயத்தில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காலையைப் பார்த்தோம். குண்டூரிலிருந்து வந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையும், அதற்குத் துணையாகக் காஞ்சியிலிருந்து இரவோடிரவாகப் போன பிளெட்சரின் ஆயிரம் பேரும் சேர்ந்து சுமார் 3,800 பேர். ஹைதரும் திப்புவும் அவர்களைப் புள்ளலூரில் வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மிஞ்சிய ஐரோப்பியர் ஏறக்குறைய 200 பேர், பெரும்பாலும் காயத்தோடு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போனார்கள். பிளெட்சரோடு போனவர்களில் மெக்ளவுட் பிரபுவின் மலைநாட்டுப் படையாட்களும் உண்டு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டேன். யார் அந்தப் பிரபு, எங்கிருந்து வந்தார் என்பதை இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

பிரபு என்று நானும் எழுதுகிறேன், அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களும் எழுதின. சட்டப்படி அவர் வெறும் ஜான் மெக்கன்சி.

மெக்கன்சி என்றதும் சுவடி சேகரித்த கர்னல் காலின் மெக்கன்சி நினைவுக்கு வருவார். அவரும் அந்தக் குலத்துப் பிள்ளைதான், லூயிஸ் தீவுக்காரர். குலம் பெரிது, கிளைகள் பல. மூத்த கிளைக்கு சீஃபோர்த் ஏர்ல் என்ற பட்டம். இளைய கிளைதான் க்ரோமார்ட்டி. இளைய கிளையை மேலே கொண்டுவந்தவர் ஜார்ஜ் மெக்கன்சி என்ற சட்டம் படித்த அரசியல்வாதி. இரண்டாம் சார்லஸ், அவர் தம்பி ஜேம்ஸ், வில்லியம், ஆன் என்று நான்கு ஆட்சிகளைப் பார்த்தவர். எந்த ஆட்சி வந்தாலும் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. 1685-இல் டார்பட் வைகவுண்ட். 1703-இல் ஆன் ராணி கையால் ஏர்ல். அவர் மகன் இரண்டாம் ஏர்ல் இளமையில் ஒரு கொலை வழக்கில் மாட்டி விடுதலையானவர். அதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு வேண்டியது ஒன்றுமில்லை. பேரனிடம்தான் கதை சூடு பிடிக்கிறது.

பேரன் பெயரும் ஜார்ஜ், மூன்றாம் ஏர்ல். தாத்தாவின் சாமர்த்தியம் இவருக்கு இறங்கவில்லை. 1745-இல் பழைய ஸ்டூவர்ட் ராஜவம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் பிரான்சிலிருந்து வந்திறங்கி, லண்டனில் இருந்த ஜெர்மன் வழி ராஜாவை இறக்கப்போவதாகக் கொடி ஏற்றினார். மூன்றாம் ஏர்ல் யோசித்து யோசித்து, கடைசியில் தோற்கிற பக்கம் சேர்ந்தார். கூடவே மூத்த மகன் ஜானையும் கூட்டிக்கொண்டு போனார். பையனுக்கு அப்போது 18 வயது. ஏர்லின் மூத்த மகனை மரியாதைக்கு 'மெக்ளவுட் பிரபு' என்பது அந்த வீட்டு வழக்கம்; நம் ஊரில் சின்ன ஜமீன்தார் என்பதுபோல.

அப்பாவும் பிள்ளையும் சண்டையில்கூடப் பிடிபடவில்லை. முடிவான கலோடன் போர் 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி. அதற்கு முந்தின நாளே, சதர்லாந்து ஏர்லுக்குச் சொந்தமான டன்ராபின் கோட்டையில் வைத்து அவர்களை அமுக்கிவிட்டார்கள். டன்ராபின் என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போகப் போகிறோம்.

ஆகஸ்டு 1-ஆம் தேதி பிரபுக்கள் சபை மரண தண்டனை விதித்தது. கூட நின்ற கில்மார்னக், பால்மெரினோ இருவரின் தலையும் அதே மாதம் 18-ஆம் தேதி லண்டன் கோபுரத்துக்கு வெளியே விழுந்தன. க்ரோமார்ட்டியின் தலை மட்டும் தப்பியது. தப்பவைத்தது அவர் மனைவி இசபெல்லா கோர்டன். நிறைமாதக் கர்ப்பிணியாக ராஜாவின் காலில் விழுந்து மனுக் கொடுத்து, அங்கேயே மயங்கினாராம். பிறகு பிறந்த பெண் குழந்தையின் கழுத்தில் கோடாலி வடிவில் ஒரு மச்சம் இருந்ததாக அந்த வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மயக்கம் உண்மையாக இருக்கலாம். மச்சத்தை நான் நம்பவில்லை. கிரகண நேரத்தில் கர்ப்பிணி அரிவாள்மணையைத் தொட்டால் பிள்ளைக்கு வெட்டு விழும் என்று நம் பாட்டிகள் சொல்வதும் இந்த வகைதான்.

உயிர் போகவில்லை, ஆனால் பட்டம் போயிற்று. ராஜத் துரோகிக்கு விழும் அந்தத் தண்டனைக்குச் சட்டம் சொன்ன காரணம், அவன் இரத்தமே கெட்டுப்போயிற்று என்பது. கெட்ட இரத்தத்தின் வழியாக எதுவும் கீழே இறங்காது. அவன் நிலம் ராஜாவுக்கு. அவன் பட்டம் யாருக்கும் இல்லை. மகன், பேரன், தம்பி மகன் யாரும் அந்த வழியாக உரிமை கோர முடியாது. பயறு வறுபட்டது என்றேனே, அது இதுதான்.

இதைப் படிக்கும்போது இது ஏதோ வெள்ளைக்காரன் கொடுமை என்று தோன்றலாம். காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜனநாயகத்தின் பாட்டன் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது அது. அதோடு விடவில்லை. அவனுடைய அப்பா, பிள்ளை, தாய்மாமன், பெரியம்மா சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமனார், மருமகன் என்று உறவை வரிசையாக எண்ணி, அவர்கள் பெயரையும் போடக்கூடாது என்கிறது. ஒருவன் செய்த குற்றம் இரத்தத்தில் ஓடும் என்று நம்பியவர்கள் இங்கேயும் இருந்தார்கள். ஒரு வித்தியாசம்: உத்திரமேரூரில் பதவியே யாருக்கும் பரம்பரையாக இறங்காது. குற்றம் மட்டும்தான் இறங்கும்.

மூன்றாம் ஏர்ல் லண்டனில் ஒண்டுக்குடித்தனமாக வாழ்ந்து 1766-இல் கண்ணை மூடினார். மகன் ஜானுக்கு 1748-இல் மன்னிப்புக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: 21 வயது நிறைந்ததும், குடும்பச் சொத்தில் தனக்கு இருக்கக்கூடிய எல்லா உரிமையையும் ராஜாவுக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். கையில் காசில்லை, ஊரில் முகமில்லை. சுவீடனுக்குப் போய்க் கூலிப்படை அதிகாரியானார். அங்கே 27 வருஷம். அந்த நாட்டில் அவருக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார்கள். சொந்த நாட்டில் கிடையாது.

1777-இல் திரும்பிவந்தார். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கலகம் செய்துகொண்டிருந்த நேரம், ராஜாவுக்கு ஆள் பஞ்சம். பழைய கலகக்காரன் மகன், புதிய கலகக்காரர்களை அடக்க ஆள் திரட்டித் தருகிறேன் என்றார். அப்பாவின் குடிபடைகள் முப்பது வருஷம் கழித்தும் பிள்ளையின் பெயருக்கு வந்தார்கள். சுமார் 1,100 பேர். அவர்களில் 840 பேர் மலைநாட்டார். நிலமும் பட்டமும் இல்லாத ஒருவன் பின்னால் இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய புதிர். ராஜா பறித்த பட்டத்தைக் குடிகள் பறிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படைக்கு 73-ஆவது மலைநாட்டுப் படை என்று எண் கொடுத்தார்கள். இரண்டாவது பட்டாளமும் சேர்ந்தது. தம்பி ஜார்ஜ் மெக்கன்சியின் கீழ் அது ஜிப்ரால்டர் முற்றுகைக்குப் போயிற்று. முதல் பட்டாளம் அண்ணனோடு 1780 ஜனவரியில் சென்னையில் கரை இறங்கியது. ஆறு மாதத்தில் ஹைதர் அலி கணவாய் வழியாக இறங்கிவந்தார்.

எங்கே கூடுவது என்பதில் தகராறு. படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சியில்தான் எல்லோரும் சேர வேண்டும் என்றார். எதிரி நடமாடும் நாட்டின் நடுவில் போய்க் கூடுவதா, பெய்லியைச் சென்னைக்கே வரச் சொல்லுங்கள் என்றார் மெக்ளவுட். கம்பெனியின் சென்னைச் சபையில் மன்றோ சொன்னது எடுபட்டது. மன்றோவே தலைமை ஏற்றுப் புறப்பட்டார். அதன் விலையைப் புள்ளலூர் கொடுத்தது.

செப்டம்பர் 10-ஆம் தேதி மெக்ளவுட் புள்ளலூரில் இல்லை. மன்றோவோடு காஞ்சிப் பக்கம் இருந்தார். அவருடைய படையிலிருந்து பொறுக்கி எடுத்த இரண்டு கம்பெனிகள்தான் பிளெட்சரோடு போயிருந்தன. அதில் கேப்டன் டேவிட் பேர்டும் ஒருவர். காயத்தோடு பிடிபட்டு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு கிடந்தார். மறுநாள் மன்றோ, இழுத்துப்போக முடியாத பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

மன்றோவும் மெக்ளவுட்டும் ஒரே சீமைக்காரர்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு பேர் பூர்வீகமும் ராஸ் சீமை. நம் வயலில் நடந்தது பாதி அந்தச் சீமையின் வரப்புத் தகராறோ என்று சில சமயம் தோன்றும். புள்ளலூரில் பேர் கெட்ட மன்றோ, அடுத்த வருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்துப் பேரைக் கழுவிக்கொண்டார். ஊர் திரும்பியதும் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் மாதிரியாக ஒரு கல் வளைவைக் கட்டினார். இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் மலை ஏறுகிறவர்கள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாகப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

மெக்ளவுட் நாடு திரும்பினார். அவர் இங்கே இருந்தபோதே ராஸ் சீமைக்காரர்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கலகத்தில் பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க 1784-இல் சட்டம் வந்தது. 19,000 பவுண்டு கட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நிலத்தின் மேல் இருந்த பழைய கடன் கணக்கு அது. கட்டினார். தாத்தா காலத்து லவுட் கோட்டை கைக்கு வந்தது. பட்டம் வரவில்லை. சட்டம் நிலத்தைப் பற்றி மட்டும்தான் பேசியது.

நம் ஊரில் இதற்கு நேர் எதிராக நடந்ததைப் பார்த்தவர்கள் நாம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது, பெயரை விட்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் இன்றும் 'முன்னாள் ஜமீன்தார்' என்று போடுகிறார்கள். க்ரோமார்ட்டி வீட்டில் நிலம் இருந்தது, பத்திரிகையில் போட்டுக்கொள்ளப் பெயரில்லை.

58 வயதுக்கு மேல் மெக்ளவுட் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை இல்லை. அடுத்தது தம்பி ஜார்ஜ்தான். ஜிப்ரால்டரில் பிழைத்துவந்த அந்தத் தம்பி, அண்ணன் விட்டுப்போன படையோடு இந்தியாவுக்கு வந்து, 1787-இல் இறந்தார். இறந்த இடம் வாலாஜாபாத்! காஞ்சியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். அண்ணன் 1789-இல் எடின்பரோவில் போனார். ஸ்காட்லாந்துப் பிரபு வம்சத்தின் நேர் ஆண்வழி முடிந்துபோன இரண்டு இடங்களில் ஒன்று நம் பாலாற்றங்கரை.

நம் வழக்கத்தில் இந்த இடத்தில் ஒரு தத்துப்பிள்ளை வந்திருக்கும். ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிள்ளையில்லாத ராணி எடுத்த தத்து செல்லும் என்று 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்புச் சொன்ன நாட்டின் சொந்தப் பிரபுப் பட்டத்துக்குத் தத்து செல்லாது. பட்டம் என்றால் உடம்பில் பிறந்த வாரிசு வேண்டும்.

பங்காளி ஒருவர் கொஞ்ச காலம் நிலத்தை அனுபவித்து 1796-இல் இறந்தார். அதன்பிறகு வரிசையாகப் பெண்கள். முதலில் மெக்ளவுட்டின் அக்கா தங்கைகளில் மூத்தவரான இசபெல்லா. அவருக்குப் பிறகு மகள் மரியா. மரியாவைக் கட்டிய எட்வர்ட் ஹே, தன் பெயரோடு மனைவி வீட்டுப் பெயரையும் சேர்த்து ஹே-மெக்கன்சி ஆனார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் கேலியாகச் சொல்வதை அந்த ஊர்ப் பிரபுக்கள் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள்: சொத்து வேண்டுமா, பெண் வீட்டுப் பெயரையும் கேடயச் சின்னத்தையும் சூடிக்கொள். இந்த ஹே குடும்பத்துப் பெரிய வீட்டுக்காரர் ட்வீடேல் மார்க்விஸ் 1842 முதல் 1848 வரை சென்னை கவர்னராக இருந்தார் என்பது ஒரு உபரித் தகவல்.

மரியாவின் மகன் வயிற்றுப் பேத்தி ஆன். ஒரே பெண், மொத்த நிலத்துக்கும் வாரிசு. 1849-இல் கல்யாணம். மாப்பிள்ளை சதர்லாந்து டியூக்கின் மகன். அந்த வீட்டின் கோட்டை டன்ராபின்! கொள்ளுப்பாட்டியின் அப்பன் மூன்றாம் ஏர்லைக் கைகட்டி இழுத்துப்போன அதே கோட்டைக்குப் பெண் மருமகளாகப் போனாள்.

விக்டோரியா ராணிக்கு வேண்டியவர் ஆன். 1861 அக்டோபரில் ராணி அவரை க்ரோமார்ட்டி கவுண்டெஸ் ஆக்கினார். பழைய பட்டத்தை மீட்கவில்லை, வறுத்தது வறுத்ததுதான். அதே பெயரில் புதிதாக ஒன்று. அந்தச் சாசனத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. மூத்த மகன் எப்படியும் சதர்லாந்து டியூக் ஆவான். க்ரோமார்ட்டியும் அவனுக்கே போனால் பெரிய பட்டத்துக்குள் சின்னப் பட்டம் கரைந்துவிடும். அதனால் இது இரண்டாவது மகன் பிரான்சிஸ் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆற்று நீரை ஏரிக்குப் போகாமல் தனிக் கால்வாயில் திருப்பிவிட்டது போல.

கால்வாயும் ஒருமுறை அடைத்துக்கொண்டது. பிரான்சிஸ் 1893-இல் இறந்தபோது பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள். மகன்களில் மூத்தவனுக்கு என்று சொல்லும் சட்டம், பெண்கள் என்று வந்தால் மூத்தவள் இளையவள் பார்க்காது, எல்லோரும் சமம். சமமாக இருப்பதால் யாருக்கும் இல்லை! பட்டம் அந்தரத்தில் தொங்கியது. 1895-இல் ராணி தலையிட்டு மூத்தவள் சிபெல்லுக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது 16 வயது. பின்னால் நாவல்கள் எழுதினார். கணவர் பிளன்ட், பிளன்ட்-மெக்கன்சி ஆனார்; மாப்பிள்ளை வழக்கம் மாறவில்லை. 67 வருஷம் பட்டத்தில் இருந்து 1962-இல் மறைந்தார். பிறகு மகன் ரோடரிக். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். பெயரிலிருந்த பிளன்ட்டை உதறிவிட்டு வெறும் மெக்கன்சி ஆனார். மெக்கன்சி குலம் முழுவதற்கும் தலைவராகவும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1989-இல் அவர் மகன் ஐந்தாம் ஏர்ல் ஆனார். லவுட் கோட்டையில்தான் இந்தக் குடும்பம் இருக்கிறது. 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைச் சபையிலிருந்து வெளியே அனுப்பிய சட்டத்தோடு அவர் நாற்காலியும் போயிற்று.

ஆண்கள் கணக்கு முழுவதும் கலகம், சிறை, காஞ்சிபுரம், வாலாஜாபாத். பட்டம் பிழைத்தது மனுக் கொடுத்த இசபெல்லாவாலும், மகள் இசபெல்லாவாலும், மரியா, ஆன், சிபெல் இவர்களாலும். வறுத்த பயற்றைப் பெண்கள் மடியில்தான் கட்டுகிறார்கள், திருப்புட்குழியிலும்.

குலத் தலைமை இளைய கிளைக்கு எப்படி வந்தது, மூத்த கிளையான சீஃபோர்த் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு குறிகாரன் சாபம் இருக்கிறது. காது கேளாத ஒரு பிரபு, அவர் கண் முன்னே போன நான்கு பிள்ளைகள், 1814 டிசம்பரில் சென்னையில் இறந்த ஒரு கடற்படைத் தளபதியின் விதவை, பிறகு கொழும்பில் கவர்னர் மாளிகை. அது அடுத்த அத்தியாயம்.

அதற்குள் வாலாஜாபாத் வாசகர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். அந்தப் பக்கம் பழைய பட்டாளத்துக் கல்லறைக் கல் எதையாவது, துணி துவைக்கிற கல்லாகவோ வாசற்படியாகவோ இருந்தாலும் சரி, பார்த்திருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதில் மெக்கன்சி என்ற பெயரும் 1787 என்ற எண்ணும் இருந்தால் நானே நேரில் வந்துவிடுகிறேன்.